நிலா இருக்கா இல்லையான்னு லேப்ல டெஸ்ட் பண்ண முடியுமா?

பிரின்ஸ்டன்ல ஐன்ஸ்டைன்கூட வாக்கிங் போனவங்கள்ல ஆப்ரகாம் பயஸ்னு ஒரு இளம் ஃபிசிக்ஸ்காரர் உண்டு. பேசிட்டே நடந்துட்டு இருக்கும்போது ஒரு நாள் ஐன்ஸ்டைன் சட்டுன்னு நின்னு, திரும்பி, நான் பார்க்கும்போது மட்டும்தான் நிலா அங்க இருக்குன்னு நீ நிஜமாவே நம்புறியான்னு கேட்டதா அவர் பிற்பாடு எழுதியிருக்கார். கேக்கறதுக்கு கிண்டல் மாதிரி இருக்கும், ஆனா மனுஷன் சீரியஸாதான் கேட்டார். ஏன்னா அணு, எலக்ட்ரான் உலகத்தை விளக்கற குவாண்டம் மெக்கானிக்ஸ் வந்து, ஒரு எலக்ட்ரானை அளக்கறதுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சுன்னு கேக்கறதே அர்த்தமில்லாத கேள்வின்னு ஒரு பெரிய கோஷ்டி சொல்ல ஆரம்பிச்சு அப்பவே இருபது வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு.

யாரும் அளக்காத நேரத்துல உலகம் எப்படி இருக்கு? இது அக்மார்க் மெட்டாபிசிக்ஸ் கேள்வி. (மெட்டாபிசிக்ஸ்னு யூடியூப்ல தேடினா ஆவி, ஆரா, ஏழு சக்கரம்னு வரும், அதை விட்டுடுங்க. எது உண்மையிலேயே இருக்கு, காரணம்னா என்ன, காலம்னா என்னன்னு தத்துவக்காரங்க மண்டையை உடைச்சுக்கற துறையைத்தான் சொல்றேன்.) அளந்து பார்க்கவே முடியாதுன்னு ஆனப்புறம் அதைப் பத்தி எதுக்கு வாய் வலிக்க பேசணும்ங்கறதுதான் பெரும்பாலான ஃபிசிக்ஸ்காரங்க நிலைப்பாடு. வொல்ஃப்காங் பவுலி 1954ல சக ஃபிசிக்ஸ்காரர் மாக்ஸ் பார்னுக்கு எழுதின லெட்டர்ல இதையே நக்கலா சொன்னார்: எதைப் பத்தி ஒண்ணுமே தெரிஞ்சுக்க முடியாதோ அது இருக்கா இல்லையான்னு யோசிக்கறதும், ஊசி முனையில எத்தனை தேவதைங்க உக்காரலாம்னு யோசிக்கறதும் ஒண்ணுதான்னு. பவுலி சாதாரண ஆள் இல்ல, நோபல் வாங்கினவர், அதனால அப்ப அது தீர்ப்பு மாதிரியே கேட்டிருக்கும்.

அந்த லெட்டர் போன பத்தே வருஷத்துல, பெல்ஃபாஸ்ட்ல பிறந்த ஜான் பெல்னு ஒருத்தர், பவுலி சொன்ன தேவதைகளை எண்ணிப் பார்க்க ஒரு வழி இருக்குன்னு காட்டிட்டார். ஃபிசிக்ஸுக்கும் மெட்டாபிசிக்ஸுக்கும் என்ன உறவுன்னு பொதுவா பேசினா பேசிட்டே போகலாம், ஒரு முடிவுக்கும் வராது. இந்த ஒரு கதையை முழுசா பார்த்தா எவ்வளவு தூரம் ஃபிசிக்ஸ் போகும், எங்க நின்னுடும்னு ஓரளவுக்கு தெளிவாயிடும்.

மெட்டாபிசிக்ஸ்னு ஒதுக்கினது லேபுக்குள்ள வந்தது இது முதல் தடவை இல்லைங்கறதையும் சொல்லிடணும். 19ஆம் நூற்றாண்டு கடைசியில அணுவையே எர்ன்ஸ்ட் மாக் மாதிரி பெரிய ஆளுங்க ஏத்துக்கல, கண்ணால பார்த்திருக்கீங்களான்னு கேட்டுட்டு போயிடுவாராம். அப்புறம் 1905ல ஐன்ஸ்டைன் பிரவுனியன் அசைவுக்கு (தண்ணியில மிதக்கற துளித்தூசு தாறுமாறா ஆடறது) கணக்கு போட்டார், பாரிஸ்ல ஜான் பெரன் அதை அளந்து காட்டினார், அதோட அந்த சண்டை கிட்டத்தட்ட ஓஞ்சிடுச்சு. ஆனா அணு விஷயத்துல கேள்வி 'இந்த பொருள் இருக்கா'ங்கறதோட சரி. பெல் விஷயத்துல கேள்வி 'இருக்கறது'ன்னா என்னங்கறதே.

கதை 1935ல ஆரம்பிக்குது. ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோஸன் மூணு பேரும் சேர்ந்து ஒரு பேப்பர் போடறாங்க, இன்னிக்கு வரைக்கும் மூணு பேர் இனிஷியலை வெச்சு ஈ.பி.ஆர்னுதான் கூப்பிடுவாங்க. அதோட சாரம் இதுதான்: ரெண்டு துகளை ஒரே இடத்துல இருந்து எதிர் எதிர் திசையில அனுப்பறோம். குவாண்டம் கணக்குப்படி ரெண்டுக்கும் ஒரு பிணைப்பு இருக்கும், இங்க ஒண்ணை அளந்தா அங்க இருக்கறதை அளந்தா என்ன வரும்னு நூத்துக்கு நூறு சொல்லிடலாம். அங்க இருக்கற துகளை நாம தொடவே இல்ல, ஆனா அதோட பதில் தெரிஞ்சுடுச்சு. அப்ப அந்த பதில் முன்னாடியே அதுகிட்ட இருந்திருக்கணும்ல? குவாண்டம் தியரியில அப்படி ஒரு முன்கூட்டிய பதிலுக்கு இடமே இல்ல, அதனால தியரி தப்பில்ல, ஆனா முழுசா இல்ல, எதையோ விட்டுடுச்சு. இங்க அளந்ததும் அங்க இருக்கற துகள் மாறுதுன்னு சொல்றது ஐன்ஸ்டைனுக்கு சுத்தமா பிடிக்கல, பார்னுக்கு 1947ல எழுதும்போது அதைத்தான் பேய்த்தனமான தொலைதூர வேலைன்னு திட்டினார்.

ஐன்ஸ்டைன் நினைச்சதை பெல் ஒரு ஜோடி சாக்ஸை வெச்சு விளக்குவார். ஜெனீவா பக்கத்துல இருக்கற செர்ன் ஆராய்ச்சிக்கூடத்துல அவர்கூட வேலை பார்த்த பெர்ட்ல்மன்னு ஒரு ஆஸ்திரியாக்காரர் எப்பவும் ரெண்டு கால்லயும் வேற வேற கலர் சாக்ஸ் போடுவார். ஒரு கால்ல பிங்க் தெரிஞ்சா இன்னொரு கால்ல பிங்க் இல்லன்னு பார்க்காமலே சொல்லிடலாம். இதுல என்ன மர்மம் இருக்கு, காலையில போடும்போதே முடிவான விஷயம்தானே. துகள்களும் அப்படித்தான், கிளம்பும்போதே பதிலோட கிளம்புதுங்கறது ஐன்ஸ்டைன் கட்சி. நேர்மையா சொன்னா யாருக்கும் முதல்ல தோணறது இதுதான்.

அளக்கறதுக்கு முன்னாடி எங்கன்னு கேக்காதேன்னு சொன்ன கோஷ்டிக்கு தலைவர் மாதிரி இருந்த நீல்ஸ் போர் சில மாசத்துல அதே ஜர்னல்ல பதில் எழுதினார். அந்த பதிலை படிச்சா என்ன சொல்ல வர்றார்னு பிடிபடறது கஷ்டம், தனக்கே அது புரியலன்னு பெல்லே எழுதியிருக்கார், அதனால நாம வெக்கப்பட வேண்டியதில்ல. ஆனா ஜெயிச்சது போர்தான்னு உலகம் முடிவு பண்ணிடுச்சு. அதுக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. ஜான் வான் நாய்மன் 1932லயே, குவாண்டத்துக்கு அடியில மறைஞ்சிருக்கற பதில்கள்னு எதுவும் இருக்கவே முடியாதுன்னு கணித நிரூபணம் கொடுத்துட்டார்னு எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க. கிரேட்டே ஹெர்மன்னு ஒரு ஜெர்மன் பெண் கணிதவியலாளர் 1935லயே அந்த நிரூபணத்துல ஓட்டை இருக்குன்னு எழுதினாங்க, ஒருத்தரும் கண்டுக்கல. வான் நாய்மன் பேர் அவ்வளவு பெரிசு. 1952ல டேவிட் போம், மறைஞ்ச பதில்களோட வேலை செய்யற ஒரு முழு தியரியையே கட்டிக் காட்டினார், முடியாதுன்னு சொன்னது கண்ணு முன்னாடி நிக்குது. அதையும் பெரும்பாலானவங்க தள்ளி விட்டாங்க.

இந்த போம் தியரியை படிச்சு அசந்து போனவர்தான் ஜான் பெல். வசதியில்லாத குடும்பம், காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி அதே யுனிவர்சிட்டியில லேப் டெக்னீஷியனா வேலை பார்த்தவர். செர்ன்ல துகள் இயற்பியல் வேலை, இந்த அடிப்படை கேள்வியெல்லாம் ஓய்வு நேரத்துலதான். 1964ல லீவு போட்டு அமெரிக்கா போயிருந்தப்ப எழுதின சின்ன பேப்பர் அது. பெரிய ஜர்னல்ல போட்டா பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு கட்டணும், விருந்தாளியா வந்த இடத்துல அதை கேக்க சங்கடப்பட்டுக்கிட்டு புதுசா வந்த ஒரு சின்ன ஜர்னலுக்கு அனுப்பினார், அந்த ஜர்னலை சில வருஷத்துல மூடிட்டாங்க. இன்னிக்கு ஃபிசிக்ஸ்லயே அதிகமா பேசப்படற பேப்பர்கள்ல ஒண்ணு வந்த லட்சணம் இது.

அவர் கேட்டது ஒண்ணுதான்: பதில் முன்கூட்டியே இருக்குன்னும், இங்க பண்றது அங்க பாதிக்காதுன்னும் வெச்சுக்கிட்டா, அளவுகள்ல ஏதாவது வித்தியாசம் தெரியுமா? தெரியும். அதை ஒரு எளிய வடிவத்துல நாமளே போட்டுப் பார்க்கலாம் (பெல் போட்டது வேற மாதிரி, இது பின்னாடி மத்தவங்க எளிமையாக்கினது), பேப்பர் பேனா எடுத்துக்கறது நல்லது.

பிணைஞ்ச ரெண்டு ஃபோட்டான், அதாவது வெளிச்சத் துகள். ஒண்ணு இடது பக்கம், ஒண்ணு வலது பக்கம். ரெண்டு பக்கமும் ஒரு போலரைசர் (ஒரு குறிப்பிட்ட கோணத்துல அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடற வடிகட்டி), அதை 0, 60, 120 டிகிரின்னு மூணு கோணத்துல ஏதாவது ஒண்ணுல திருப்பி வைக்கலாம். ஃபோட்டான் ஒண்ணு தாண்டும், இல்ல தாண்டாது, ரெண்டே பதில். ரெண்டு பக்கமும் ஒரே கோணம் வெச்சா எப்பவும் ஒரே பதில்தான் வரும், ரெண்டும் தாண்டும் இல்ல ரெண்டும் மாட்டும். ஐன்ஸ்டைன் வழியில போனா, எந்த கோணத்தை வைக்கப் போறோம்னு ஃபோட்டானுக்கு தெரியாது, அதனால மூணு கோணத்துக்கும் பதிலை தயாரா வெச்சுக்கிட்டுத்தான் ரெண்டும் கிளம்பணும், அதுவும் ரெண்டும் ஒரே பதில்களோட. அப்ப எத்தனை விதமா இருக்கலாம்? மொத்தம் 8. மூணுக்கும் 'தாண்டும்', மூணுக்கும் 'தாண்டாது', இந்த ரெண்டு விதத்துல எந்த ரெண்டு கோணத்தை எடுத்தாலும் பதில் ஒத்துப்போகும். மிச்சம் 6 விதத்துல ரெண்டு பதில் ஒரு மாதிரியும் ஒண்ணு வேற மாதிரியும் இருக்கும், அதாவது மூணு ஜோடி கோணங்கள்ல சரியா ஒரு ஜோடி ஒத்துப்போகும். ஆக ரெண்டு பக்கமும் வேற வேற கோணத்தை குத்துமதிப்பா மாத்தி மாத்தி வெச்சா, பதில் ஒத்துப்போறது குறைஞ்சது மூணுல ஒரு பங்கு, 33 சதவீதத்துக்கு மேலயே இருக்கணும். எந்த விதத்துல எத்தனை ஃபோட்டான் வந்தாலும் சரி, இதுக்கு கீழ இறங்க வழியே இல்ல.

குவாண்டம் கணக்கு என்ன சொல்லுது? கோண வித்தியாசத்தோட கொசைனை எடுத்து வர்க்கப்படுத்தணும். 60 டிகிரிக்கு கொசைன் அரை, வர்க்கம் கால். 120க்கும் அதே கால்தான். 25 சதவீதம்.

33க்கும் 25க்கும் நடுவுல இருக்கற இந்த இடைவெளிதான் மொத்த விஷயமே. எனக்கு இதை முதல்ல படிச்சப்ப ஏதோ கண்கட்டு வேலைன்னுதான் தோணுச்சு, எட்டு விதத்தையும் எழுதி எழுதி பார்த்தாலும் 33க்கு கீழ போகவே மாட்டேங்குது. பவுலி ஊசி முனைன்னு சொன்ன கேள்விக்கு ரெண்டு கட்சியும் வேற வேற நம்பர் சொல்லுது, நம்பர்னா அளந்துடலாம்.

அளக்கறதுக்கு ஆள் கிடைக்கறதுதான் பெரிய பாடா இருந்துச்சு. ஆப்னர் ஷிமோனினு ஒருத்தர், முதல்ல தத்துவத்துல டாக்டரேட், அப்புறம் பிரின்ஸ்டன்ல ஃபிசிக்ஸ்ல இன்னொரு டாக்டரேட், இந்த கூத்துக்குன்னே பொறந்த மாதிரி. பரிசோதனை மெட்டாபிசிக்ஸ்ங்கற பேரை வெச்சதே அவர்தான். அவரும் அவர் மாணவர் மைக்கேல் ஹார்னும் பெல் கணக்கை லேபுக்கு ஏத்த மாதிரி மாத்திட்டு இருந்தப்ப, ஜான் கிளாசர்னு ஒரு பையன் இதையே பண்ணிட்டான்னு 1969ல தெரிய வந்துச்சு. சண்டை போடாம ஃபோன் பண்ணி, ரிச்சர்ட் ஹோல்டையும் சேர்த்துக்கிட்டு நாலு பேரா பேப்பர் போட்டாங்க. கிளாசர் பெர்க்லி போய், வேற ஒரு பரிசோதனைக்கு வெச்சிருந்த பழைய சாமானையும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மன்ங்கற மாணவரையும் வெச்சுக்கிட்டு 1972ல அளந்து முடிச்சார். கால்சியம் அணுவை தூண்டி விட்டா ஒரு பச்சை ஃபோட்டான், ஒரு ஊதா ஃபோட்டான் அடுத்தடுத்து வரும், அதுங்களை கண்ணாடி தகடுகளை அடுக்கி செஞ்ச போலரைசர் வழியா அனுப்பி எண்ணணும். சுமார் 200 மணி நேரம் எண்ணியிருக்காங்க. ஐன்ஸ்டைன் கட்சி ஜெயிக்கும்னுதான் கிளாசர் எதிர்பார்த்தார். வந்தது குவாண்டம் நம்பர்.

இதுல பேரு கிடைச்சுதான்னா இல்ல. இப்படி ஒரு பரிசோதனையை பண்ணப் போறேன்னு சொன்னதுக்கு பிரபல ஃபிசிக்ஸ்காரர் ஃபைன்மன் தன் ரூமை விட்டே துரத்திட்டார்னு கிளாசர் பேட்டிகள்ல சொல்லியிருக்கார். பாரிஸ் பக்கம் ஓர்சேல இருந்து ஆலன் ஆஸ்பே இதே வேலையை இன்னும் சுத்தமா பண்ண ஐடியாவோட ஜெனீவா போய் பெல்லை பார்த்தப்ப, பெல் கேட்ட முதல் கேள்வியே உங்களுக்கு பர்மனென்ட் வேலை இருக்காங்கறதுதான். இல்லாதவன் இதுல கை வெச்சா அவன் கதை முடிஞ்சுதுன்னு அவருக்கு தெரியும். நல்லவேளை ஆஸ்பேக்கு இருந்துச்சு.

ஆஸ்பே 1982ல பண்ணது என்னன்னா, ஃபோட்டான் கிளம்பின பிறகு அளக்கற கோணத்தை மாத்தினார். ரெண்டு முனைக்கும் நடுவுல சுமார் 12 மீட்டர், வெளிச்சம் அதை கடக்க 40 நானோசெகண்ட் ஆகும், இவரோட சுவிட்ச் 10 நானோசெகண்டுக்கு ஒரு தடவை மாத்துது. இங்க என்ன கோணம்னு அங்க சேதி போறதுக்குள்ள வேலை முடிஞ்சுடும். அப்பவும் குவாண்டம் நம்பர்தான். அதுக்கப்புறம் 2015ல நெதர்லாந்துல டெல்ஃப்ட்ல, 1.3 கிலோமீட்டர் தள்ளி ரெண்டு வைரக் கல்லுக்குள்ள இருக்கற எலக்ட்ரான்களை வெச்சு, டிடெக்டர் தவற விட்ட கணக்கை வெச்சு தப்பிக்கற ஓட்டையையும் சேர்த்து அடைச்சாங்க. அங்க அளந்தது சதவீதம் இல்ல, ரெண்டு பக்க பதிலும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டற வேற ஒரு எண், ஐன்ஸ்டைன் வழியில அது 2ஐ தாண்டக்கூடாது. 245 தடவை அளந்ததுல 2.42 வந்துச்சு. அதே வருஷம் வியன்னாவுலயும் அமெரிக்காவுல போல்டர்லயும் ஃபோட்டானை வெச்சு இதே முடிவு. 2022ல ஆஸ்பே, கிளாசர், வியன்னா கோஷ்டியோட அன்டோன் ஸைலிங்கர் மூணு பேருக்கும் நோபல். பெல் 1990லயே மூளையில ரத்தக்கசிவு வந்து போயிட்டார், ஃப்ரீட்மனும் 2012ல போயிட்டார்.

சரி, தீர்ப்பு என்ன? இங்கதான் நிறைய பேர் அவசரப்படறாங்க. நோபல் அறிவிச்ச சமயத்துல 'உலகம் உண்மையில்ல, ஃபிசிக்ஸ் நிரூபிச்சிடுச்சு'ங்கற மாதிரி தலைப்பெல்லாம் ஓடுச்சு. நம்ம ஃபேமிலி குரூப்ல 'இதைத்தான் நம்ம முன்னோர் மாயைன்னு சொன்னாங்க'ன்னு ஃபார்வர்டு. குவாண்டத்தோட அடிப்படை சமன்பாட்டை எழுதின ஷ்ரோடிங்கருக்கு உபநிஷத் மேல ஈடுபாடு இருந்தது உண்மைதான், அதுக்காக அவர் சமன்பாடு உபநிஷத்ல இருந்து வந்துச்சுன்னு ஆகாது. மனுஷன் பார்த்ததாலதான் துகள் முடிவு பண்ணுச்சுங்கறதுக்கும் இந்த பரிசோதனைகள்ல ஆதாரம் எதுவும் இல்ல, டெல்ஃப்ட்ல அளந்தது மெஷின், பதிஞ்சது கம்ப்யூட்டர், மனுஷன் பார்த்தது அப்புறம். இதை வெச்சு வெளிச்சத்தைவிட வேகமா மெசேஜ் அனுப்பலாம்னு யாராவது சொன்னா அதுவும் டுபாக்கூர்தான், ஏன்னா ஒரு பக்கம் மட்டும் பார்த்தா பூவா தலையா மாதிரி கன்னாபின்னான்னுதான் வரும், ரெண்டு பக்க லிஸ்டையும் ஒண்ணா வெச்சு ஒப்பிட்டாத்தான் பிணைப்பே தெரியும்.

பரிசோதனை சொன்னது இவ்வளவுதான்: பெல் எடுத்துக்கிட்ட அனுமானங்கள் எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுக்க முடியாது, ஏதாவது ஒண்ணை கை விட்டே ஆகணும். எதைன்னு அது சொல்லல.

தூரத்துல இருக்கறது பாதிக்காதுங்கறதை விடலாம், போம் தியரி அப்படித்தான், அதுல துகளுக்கு எப்பவும் ஒரு இடம் உண்டு, நிலா பார்க்காட்டியும் அங்கயே இருக்கும், ஆனா இங்க தொட்டா அங்க அதே கணத்துல அசையும். 'அதே கணம்'னு சொன்ன உடனே ரிலேட்டிவிட்டி குறுக்க வருது, ஏன்னா எல்லாருக்கும் பொதுவான 'இப்போ'ன்னு ஒண்ணு கிடையாதுங்கறதுதான் 1905ல அதே ஐன்ஸ்டைன் சொன்னது. போம்காரங்க கண்ணுக்கு தெரியாத ஒரு பொதுவான 'இப்போ' இருக்குன்னு வெச்சுக்கறாங்க, எப்படி அளந்தாலும் அது சிக்காது, அப்ப அவங்க கதை பழைய ஈதர் (வெளிச்சம் பரவறதுக்கு எங்கும் நிறைஞ்சிருக்குன்னு நம்பி, கடைசி வரைக்கும் சிக்காத பொருள்) கதை மாதிரி ஆயிடுதுன்னு ஒரு குற்றச்சாட்டு. இன்னொரு வழி, ஒரு தடவை அளந்தா ஒரே ஒரு பதில்தான் வருதுங்கறதையே விடறது. ஹ்யூ எவரெட் 1957ல பண்ணது அதைத்தான், ரெண்டு பதிலும் வருது, உலகம் கிளை விடுது, ஒவ்வொரு கிளையிலயும் ஒரு நீங்க. மூணாவது வழி, எந்த கோணத்தை வைக்கணும்னு நாம சுதந்திரமா தேர்ந்தெடுக்கறோம்ங்கறதை விடறது, அதாவது ஃபோட்டானும் நம்ம தேர்வும் ஆதியிலயே சேர்த்து எழுதப்பட்டதுன்னு சொல்றது.

கடைசியா சொன்னதை சும்மா ஜோக்னு ஒதுக்காம அதையும் ஒரு அளவுக்கு சோதிச்சிருக்காங்க. 2018ல கேனரி தீவுகள்ல லா பால்மால ரெண்டு டெலஸ்கோப்பை வெச்சு, ரொம்ப தூரத்துல பளிச்சுன்னு எரியற ரெண்டு குவேசர்ல (கேலக்ஸி மையம்) இருந்து வந்த வெளிச்சத்தோட நிறத்தை பார்த்து கோணத்தை முடிவு பண்ணாங்க. ஒரு வெளிச்சம் 780 கோடி வருஷத்துக்கு முன்னாடி கிளம்பினது, இன்னொண்ணு 1220 கோடி வருஷம். சதி இருந்தா அது அவ்வளவு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கணும். அதுக்கும் முன்னாடியேன்னு ஒருத்தர் சொன்னா அவரை எந்த டெலஸ்கோப்பாலயும் மடக்க முடியாது, ஆனா அந்த இடத்துல அவர் ஃபிசிக்ஸ் பேசறதை நிறுத்திட்டார்னு நான் நினைக்கறேன். எல்லா பரிசோதனையையும் இப்படி சொல்லி தள்ளிடலாமே, அப்புறம் மருந்து டெஸ்ட் பண்றதுக்கே அர்த்தம் இருக்காது.

எவரெட்டுக்கும் போமுக்கும் நடுவுல எது சரின்னு கேட்டா நிலைமை வேற, ரெண்டும் இதுவரைக்கும் அளந்த எல்லாத்துக்கும் ஒரே நம்பரைத்தான் சொல்லுது. போர் கட்சி அந்த கேள்வியே வேண்டாம்னு சொல்லிட்டு அதே நம்பரை வாங்கிக்குது. இங்க தேர்வு பண்றது எளிமை, அழகு, எதை நம்ப மனசு வருதுங்கறதை வெச்சுத்தான், அதாவது சுத்தமான மெட்டாபிசிக்ஸ், எத்தனை பெரிய ஃபிசிக்ஸ் புரொஃபசர் பேசினாலும் சரி. எனக்கு எவரெட் பக்கம் கணக்கு சுத்தமா இருக்கற மாதிரி தெரியும், ஆனா எல்லா கிளையும் நிஜம்னா '25 சதவீதம் வாய்ப்பு'ங்கறதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டா அவங்க சொல்ற பதில் எதுவும் திருப்தியா இல்ல.

ஆனா வேற நம்பர் சொல்ற கோஷ்டியும் ஒண்ணு இருக்கு. 1986ல கிரார்டி, ரிமினி, வெபர்னு மூணு இத்தாலிக்காரங்க, துகளோட குவாண்டம் நிலை யாரும் அளக்காமலே அப்பப்ப தானா உடைஞ்சு ஒரு இடத்துல நிக்கும்னு சமன்பாட்டையே மாத்தி எழுதினாங்க. ஈர்ப்பு விசைதான் அந்த உடைப்புக்கு காரணம்னு லாயோஷ் டியோஷியும் ரோஜர் பென்ரோஸும் தனித்தனியா சொன்னாங்க. அப்படி உடையும்போது துகள் லேசா குலுங்கணும், குலுங்கினா மின்சாரம் உள்ள துகள் கொஞ்சூண்டு கதிர்வீச்சு விடணும். அதை தேடி இத்தாலியில கிரான் சாஸோ மலைக்கு அடியில, 1400 மீட்டர் பாறை மேல இருக்க, ஒரு ஜெர்மேனியம் டிடெக்டரை வெச்சு காத்திருந்தாங்க. 2020ல ரிசல்ட் வந்துச்சு. அந்த ஐடியாவோட ரொம்ப எளிமையான வடிவம் சொன்ன அளவுக்கு கதிர்வீச்சு அங்க இல்ல, அது அவுட். கொஞ்சம் மாத்தி எழுதின வடிவங்கள் இன்னும் ஆட்டத்துல இருக்கு.